போகாத கோடு

என் மனைவியிடம் நான் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "இறங்குங்க." நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிஃப்டின் கடைசி நடை மதியம் இரண்டரைக்குக் கடைசி நிறுத்தத்தில் போய் நிற்கும். எல்லோரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கண் திறந்துதான் இருக்கும், ஆள்தான் அங்கே இருக்க மாட்டாள். மடியில் ஒரு நோட்டு. நோட்டு முழுக்க வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறிகள். வெயில் அவள் கன்னத்தில் விழுந்து நெற்றிவரை ஏறிப்போகும். கண்ணைக்கூடச் சுருக்க மாட்டாள்.

முதல் நாள் இருமிப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஹாரன் அடித்தேன். மூன்றாம் நாள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பசி வேறு.

"மேடம், இது கடைசி ஸ்டாப். இறங்குங்க."

"இல்ல, நடுவுல இன்னும் ரெண்டு பேர் இருக்கணும்," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் ஈ காக்காய் இல்லை. "யாருமே இல்லையே மேடம்?"

"இருக்காங்க. நமக்குத்தான் இன்னும் தெரியல."

சரி, மறை கழன்ற கேஸ் என்று முடிவு கட்டினேன். அந்தக் கேஸைத்தான் ஒன்றரை வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். இது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வாலு என்று கூப்பிடுகிறோம். பெயருக்கு ஏற்ற நடத்தை.

என் மனைவி புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள். அப்படிச் சொன்னால் போதும், என் சித்தி போனை எடுத்துவிடுவாள். "என்னடா, உன் பொண்டாட்டி மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்று மாதம் ஒருமுறை கேட்பாள், ஏதோ அடுப்பில் வைத்ததை இறக்கியாச்சா என்று கேட்கிற மாதிரி. மருந்து அவள் வேலை இல்லை. ஒரு செல்லுக்கு வெளியிலிருந்து "வளர்" என்று ஒரு உத்தரவு வருகிறது. அது செல்லின் சுவரைத் தொடுகிறது. சுவரில் இருக்கிற புரதம் பக்கத்தில் இருக்கிற புரதத்திடம் சொல்கிறது, அது அடுத்ததிடம் சொல்கிறது. இப்படி ஆள் மாற்றி ஆள் சேதி போய் நடுவில் இருக்கிற கருவைச் சேர்ந்ததும், செல் இரண்டாகப் பிரிகிறது. பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். புற்றுநோயில் யாரோ ஒருவன் மூடுவதில்லை. உத்தரவே வராதபோதும் "வளர், வளர்" என்று பக்கத்தில் இருப்பவனை உசுப்பிக்கொண்டே இருக்கிறான். அந்த ஆள் யார் என்று தேடுவதுதான் அவள் வேலை.

அவள் இதைச் சொன்ன வாரத்தில் எனக்கு ஒரு கனவு வந்தது. ஒரு நீண்ட பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறேன். வெளியே சாலை இல்லை, இளஞ்சிவப்பாக ஏதோ அசைகிறது. உள்ளே பயணிகள். ஒருவர் முகமும் தெரியவில்லை. பின்சீட்டில் இருப்பவர் முன்னால் இருப்பவர் தோளைத் தொடுகிறார். அவர் அடுத்தவர் தோளை. தொடுகை மெல்ல மெல்ல என்னை நோக்கி வருகிறது. என் தோளில் கை விழப்போகிற நேரத்தில் விழித்துக்கொண்டேன். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "உங்களைத் தொட்டது யாருன்னு பார்த்தீங்களா, டிரைவர் சார்?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

ஆய்வகத்தில் அவள் வளர்க்கிற செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாரத்தில் எல்லா நாளும் சாப்பாடு மாற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் ஞாயிறு காலை நானும் கூடப் போவேன். நீளமான கட்டடம். விடுமுறையில் ஒரு சத்தமும் இருக்காது. ஃப்ரீசர்கள் மட்டும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். செருப்பைக் கழற்றி, வேறு செருப்பு போட்டு, கையுறை மாட்டி, அந்தச் சின்ன அறைக்குள் போனால் உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி. அதற்குள் தட்டையான குப்பிகளில் வெளிறிய ரோஜா நிறத் தண்ணீர். அவள் குப்பியை எடுக்கும் விதத்தைப் பார்த்தால், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிறாள் என்று நினைப்பீர்கள். ஒரு துளி தளும்பாது.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்சம். வெளிச்சத்தில் நீள நீளமாகப் படுத்துக்கிடக்கிற உருவங்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அசையாமல். அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் உருண்டையாகத் திரண்டு மின்னின. "அதுங்க இப்ப ரெண்டாகப் போகுது," என்றாள் காதருகே. நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பசி தெரியவில்லை. ஒரு உருண்டை நடுவில் இடுங்கி, தயங்கி, இரண்டானது. யாரோ ஒருவர் உடம்பில் இதுதான் அவரைக் கொன்றது என்று அவள் சொன்ன பிறகும், அதை அழகு என்று நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

நடுவில் இருக்கிறார்கள் என்று அவள் சொன்ன இருவரில், வாயை மூடாத அந்த ஆளை வாலு பிறந்த வருடம் கண்டுபிடித்தாள். மூன்று எழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயர் அதற்கு. வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நான் வம்பன் என்று பெயர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது. "இன்னிக்கு வம்பன் என்ன பண்றான்?" என்று கேட்டுக்கொண்டேதான் எங்கள் வீட்டில் சாப்பாடு நடக்கும்.

வம்பனைக் கண்ணால் பார்க்க முடியாது. அவனைப் பிடிக்க ஒரு முயலின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி என்கிற ஒன்றைத் தயாரித்தாள். அது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். செல்லை அரைத்து, அதிலுள்ள புரதங்களை எடைவாரியாக ஒரு தாளில் பிரித்து வைத்து, இதை அதன்மேல் விட்டால், அந்த ஆள் இருக்கிற இடத்தில் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். நோயில்லாத செல்லில் மங்கலான கோடு. புற்றுநோய்ச் செல்லில் மை தீட்டின மாதிரிக் கோடு. அந்த ஃபிலிமை அவள் எங்கள் சமையலறை ஜன்னலில் பிடித்துக் காட்டிய மாலையில், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கோட்டைப் பார்த்து ஒரு மனுஷி அப்படிப் பூரித்துப்போய் நான் பார்த்ததில்லை.

கட்டுரை வெளிவந்தது. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கேட்டு எழுதினார்கள். அவளுக்குக் கொடுத்தே பழக்கம். ஆன்டிபாடியைச் சுண்டுவிரல் நகம் அளவு குழாய்களில் ஒவ்வொரு சொட்டாகப் பிரித்து, உலர் ஐஸ் போட்ட பெட்டியில் அடைத்து அனுப்பினாள். பெட்டியைக் கூரியர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பதினான்கு பெட்டி. பதினான்கையும் ஒவ்வொன்றாக, வேறு பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து, என் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனேன். மூடியோரம் வெள்ளைப் புகை கசியும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு ஒவ்வொரு இடத்திலிருந்தும் பதில் வரும்: எங்களுக்கும் கோடு தெரிகிறது. பதினான்கு பேரும் அதையே சொன்னார்கள். அவள் இன்னும் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அவள் இந்த வேலைக்கு வந்த பதினோராம் வருடம், அவளுக்குத் தனியாக ஒரு ஆய்வகம் தருவது என்று பேச்சு வந்தது. அவளுடைய பேராசிரியர்தான் பெயரைச் சொன்னார். இரண்டு அறை, மரங்களைப் பார்த்த ஜன்னல். அவள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், எந்தச் சுவரோரம் எந்தப் பெட்டி என்று அளந்தே வைத்துவிட்டாள். மூன்று வாரத்தில் தேர்வுக் குழுவின் முன்னால் பேச வேண்டும். அதற்காகக் கடைசியாக ஒரு சோதனை செய்தாள். அதுவரை வம்பனைச் செல்லில் குறைக்கத்தான் முடிந்தது, அறவே இல்லாமல் செய்ய முடியவில்லை. இப்போது புதிதாக வந்த முறையில் வம்பனை உண்டாக்குகிற மரபணுவையே வெட்டி எறியலாம். வெட்டினாள். ஆள் இல்லாவிட்டால் கோடும் இருக்கக்கூடாது. வெறும் ஃபிலிம் வர வேண்டும்.

அன்று மதியம் அவள் என் பஸ்ஸில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. பழைய ஞாபகத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. காலியான சீட்டுகளின் மேல் வெயில் படுத்திருந்தது. தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஆறுகிற சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது.

"கோடு போகல," என்றாள்.

"புரியல. எந்தக் கோடு?"

"வம்பனை எடுத்துட்டேன். மரபணுவை மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டேன், அவன் அங்க இல்லவே இல்ல. ஆனா கோடு அப்படியே இருக்கு. அதே இடம், அதே கறுப்பு."

எனக்கு மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. "அப்போ இத்தனை வருஷமா நாம பார்த்தது?"

"வேற யாரோ. அதே எடையில இருக்கிற வேற யாரோ. என் ஆன்டிபாடி அவனைப் போய்ப் புடிச்சிருக்கு. முன்னாடி வம்பனைக் குறைச்சப்போ கோடு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சதுல்ல? குறையவே இல்லைங்க. குறையணும்னு நான் ஆசைப்பட்டேன், அதனால குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது."

பதினான்கு பெட்டியும் என் மடி மேல் இருந்த கனம் அப்படியே திரும்பி வந்தது. அவளுடைய கோட்டை உலகமே ஒப்புக்கொண்டதாக நினைத்தோம். உலகம் பார்த்ததெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுத்த அதே குழாயின் வழியாகத்தான்.

பேராசிரியர் நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். அவள் போய்ச் சொன்னபோது அவர் மிரட்டவில்லை. "ஆன்டிபாடி பழசாகியிருக்கும்மா. அவசரப்படாத. மூணு வாரம் பொறு, உன் ரூம் உன் கைக்கு வரட்டும். அப்புறம் நீயே தலைவி, நிதானமா பார்த்துக்கலாம்," என்றார். அவருடைய பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்தது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் அதையேதான் சொன்னேன்.

சமையலறையில் நின்று சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவர் சொல்றதுல என்ன தப்பு? மூணே வாரம். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"ஒருத்தங்களுக்கு மட்டும் அந்த இடத்துல கோடு வரலைங்க," என்றாள்.

"யாருக்கு?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் தாண்டி ஒரு ஊரில் ஒரு பெண் இதே வேலையில் இருந்தாள். என் மனைவியின் குழாய் வேண்டாம், நானே சொந்தமாக ஆன்டிபாடி செய்து பார்க்கிறேன் என்று பிடிவாதமாகச் செய்தவள். அவளுக்குக் கோடு வேறு இடத்தில் வந்தது. இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறாள். என் மனைவி அன்பாகப் பதில் போட்டிருக்கிறாள்: தாளை இன்னும் நன்றாகக் கழுவுங்கள், குளிரில் வையுங்கள், அவசரப்படாதீர்கள் என்று. பதினான்கு பேருக்கு வருகிறது, உனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அவளுடைய தலைவர் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இரண்டாவது கடிதத்தில் அதையும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"அவங்க செஞ்சதுதாங்க சரி. நான் அவங்களுக்குத் துணி துவைக்கக் கத்துக்கொடுக்கிற மாதிரி எழுதியிருக்கேன்."

"அது அந்தம்மா தலையெழுத்து! உனக்கு என்ன வந்தது? பதினோரு வருஷம் ஞாயித்துக்கிழமையைப் பார்த்திருக்கியா நீ? யாரோ ஒருத்திக்காக எல்லாத்தையும் தூக்கி எறியணுமா?" கத்திவிட்டேன். வாலு கதவோரம் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மனைவி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை ஜன்னலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கூப்பிட்டாலும் திரும்பி வராத தூரம் என்று எனக்குத் தெரியும்.

அவள் பேசுகிற நாளன்று லீவு போட்டுவிட்டு அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரைச்சீலை போட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். திரையின் வெளிச்சத்தில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். முப்பது படம் காட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றுதான் காட்டினாள். முதலில் பழைய கோடு. அடுத்தது, வம்பனை எடுத்த பிறகும் போகாத கோடு. மூன்றாவதில் பதினைந்து ஊர்கள். பதினான்குக்குப் பக்கத்தில் "என் ஆன்டிபாடி" என்று எழுதியிருந்தது. பதினைந்தாவதன் பக்கத்தில் "சொந்த ஆன்டிபாடி, கோடு வேறு இடத்தில்" என்றிருந்தது.

"நான் கண்டுபிடிச்சதா சொன்னது தப்பு," என்றாள். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன். இந்தக் கோடு யாருதுன்னு எனக்குத் தெரியாது."

படம் காட்டுகிற மெஷினின் விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல எனக்குக் காது அடைத்தது. பேராசிரியர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, வெளியே போனார். குழுவில் ஒருவர் கேள்வி கேட்க வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார். விளக்கு எரிந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

ஜன்னல் வைத்த அறைகள் வேறொருவருக்குப் போயின. இவள் பழைய மேஜைக்கே திரும்பினாள். பேராசிரியர் வணக்கத்துக்கு வணக்கம் வைப்பார், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சித்தி போன் செய்து, "மருந்து என்னாச்சு?" என்று கேட்டாள். "முதல்லேருந்து ஆரம்பிக்கிறா, சித்தி," என்றேன். "ஐயோ, அடி புடிச்சிருச்சா?" என்றாள். ஆமாம் என்று வைத்துவிட்டேன்.

கடிதங்கள் எழுத ஆரம்பித்தாள். குழாய் வாங்கிய பதினான்கு பேருக்கும் மளமளவென்று எழுதி முடித்தாள். சிலர் நன்றி சொன்னார்கள். இருவர் கண்டபடி திட்டினார்கள். ஒருவர் கடைசிவரை பதில் போடவில்லை. பதினைந்தாவது கடிதத்துக்கு மட்டும் ஒன்பது நாள் பிடித்தது. சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். இரண்டு வரி அடிப்பாள், அழிப்பாள். வெளிச்சம் அவள் முகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பினால் திரும்பி வந்துவிட்டது: இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அவள் விடவில்லை. யார் யாரிடமோ கேட்டாள். அந்தப் பெண் மூன்று வருடத்துக்கு முன்பே ஆராய்ச்சியை விட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தது. இப்போது ஒரு குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த முகவரிக்கு அனுப்பினாள்.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கோபமாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் இங்கே தண்ணீர் சோதிக்கிறேன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை சோதித்தால் போதும் என்பது விதி. நான் ஐந்து முறை சோதிப்பேன். என் கையில் ஏதோ கோளாறு என்று முந்தைய ஆய்வகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். இங்கே கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், காரணத்தை நான் சொன்னதில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் பல நாள் ஐந்து முறைதான் சோதித்தேன். நேற்று இரண்டு முறையோடு நிறுத்திவிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்."

என் மனைவி அழுதாள். அறை போனபோது அழாதவள், பேராசிரியர் முகத்தைத் திருப்பியபோது அழாதவள், நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். வாலு ஓடிவந்து, "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். வாயை மூடிக்கிட்டு இரு என்று நான் சொன்னதை என் மனைவி கேட்டிருந்தால், அந்தப் பெண் இன்றைக்கும் ஐந்து முறை சோதித்துக்கொண்டிருப்பாள்.